நெல் மேல் வண்டி ஏற்றாதவள்

அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். இப்போதும் நினைப்பு வந்தால் வாயில் முதலில் அந்தச் சொல்தான் வருகிறது, சனியன். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த மலையாள எல்லையோரத்துப் பஞ்சாயத்தில் பாதிப் பேர் என்னை அடிக்க வருவார்கள். மீதிப் பேர், "ச்சே, அந்தம்மாவா? இருக்காதுங்க" என்பார்கள். இரண்டையும் தாங்க எனக்குத் தெம்பில்லை.

கோவிந்தாபுரத்திலிருந்து உள்ளே பிரியும் சாலையில் ஒரு மிருகாசுபத்திரி. அங்கே அவள் நிரந்தர ஊழியர், நான் தினக்கூலி. வீடு வீடாகப் போய் மாடுகளுக்குக் கோமாரித் தடுப்பூசி போடுவது எங்கள் இருவர் வேலை. மருந்து சூடாகக் கூடாது என்பதால் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால் உட்காருவேன். வண்டி அவளுடையது. ஸ்கூட்டர் இல்லை, கியர் போட்டு ஓட்டும் மோட்டார் சைக்கிள். வாய்க்கால் மேட்டிலும் தென்னந்தோப்பு மணலிலும் ஸ்கூட்டர் வழுக்கிவிடும் என்று பார்த்துப் பார்த்து வாங்கியது. என்னைவிட ஆறு வயது மூத்தவள். ஒல்லி உடம்பு, காக்கிக் கோட்டு, காலில் சாக்ஸ் போட்டு ஷூ. அந்த ஊரில் அந்தக் கோலத்தில் ஒரு பெண் மோட்டார் சைக்கிளில் போனால் சிரிக்கத்தானே வேண்டும்? ஒருவரும் சிரிக்கவில்லை. எழுந்து நின்றார்கள்.

காரணம், அவள் வண்டியைப் பார்க்கும் விதம். காலை எட்டரைக்கு ஆசுபத்திரி வாசலில் தொடங்கும். முதலில் வண்டியைச் சுற்றி ஒரு நடை, தரையில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்று. பிறகு டயரைக் கட்டை விரலால் அமுக்குவாள். பள்ளத்தில் சிக்கிய கல்லை ஊக்கால் நெம்பி எடுப்பாள். செயினை விரலால் தூக்கி விடுவாள். ரொம்பத் தொங்கவும் கூடாது, விறைக்கவும் கூடாது. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு தள்ளு, பின் பிரேக்கை மிதித்துக்கொண்டு ஒரு தள்ளு. பின் விளக்குக்கு அருகே உள்ளங்கையைக் குவித்து, பிரேக் போட்டால் சிவப்பு விழுகிறதா என்று பார்ப்பாள். இண்டிகேட்டர், ஹாரன், கண்ணாடி. அப்புறம்தான் ஏறி உட்காருவாள். நியூட்ரலின் பச்சை விளக்கைப் பார்த்து, கிளட்சைப் பிடித்து, பட்டனை அழுத்துவாள். ஸ்டார்ட் ஆனவுடன் கிளம்ப மாட்டாள். ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பாள். கடைசியாக சைடு ஸ்டாண்டு. காலால் தட்டிவிட்டு, அதில் நம்பிக்கையில்லாமல் குனிந்து கண்ணாலும் பார்ப்பாள்.

பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். யாராவது, "ஏனுங்க, வண்டிக்குப் பூசை முடிஞ்சுதுங்களா?" என்று வம்பிழுத்தால் கோபப்பட மாட்டாள்.

"ஏறறதுக்கு முன்னால பாத்தா பத்து நிமிசமுங்க. ஏறினதுக்கப்பறம் பாத்தா பத்து மாசம் படுக்கையுங்க."

இதை நான் எத்தனை வீட்டில் சொல்லிப் பெருமையடித்திருப்பேன், கணக்கே இல்லை.

நான் பீர்மேட்டுத் தேயிலை எஸ்டேட்டின் கூலி லயத்தில் வளர்ந்தவள். அப்பா எஸ்டேட் ஜீப் ஓட்டினார். மலைவளைவில் அண்ணன் வண்டியை எடுத்து ஓட்டியே கற்றுக்கொண்டவள் நான், லைசன்ஸும் இருந்தது. எங்கள் ஊரில் வண்டியென்றால் ஏறினோம், உதைத்தோம், போனோம் என்பதுதான். அதனால் முதல் வாரம் அவள் செய்கிறதைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. இரண்டாவது வாரம் சிரிப்பு போய், சே, நாமெல்லாம் என்ன மனுஷி என்ற நினைப்பு வந்துவிட்டது. அப்படி ஆளை அடிக்கும் அவளுடைய ஒழுங்கு.

முதல் நாளே என் துப்பட்டாவைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஷாலை இப்படிப் பறக்கவுட்டுட்டு ஏறாதே அம்மிணி. இடுப்புல சுத்திக் கட்டு. வீல்ல சிக்குச்சுன்னா கழுத்து என்னாகும்? அப்பறம் என்னையத்தான கேப்பாங்க?"

ஹெல்மெட் பட்டையை அவளே மாட்டி, இரண்டு விரல் விட்டு இழுத்துப் பார்த்தாள். பெற்றவள்கூட எனக்கு இப்படிச் செய்ததில்லையே என்று கண் கலங்கிவிட்டது. கடைசியில் சொன்னாளே, என்னையத்தான கேப்பாங்க என்று, அது காதில் விழுந்தது, மனதில் விழவில்லை.

அம்மா வாரத்துக்கு நாலு தடவை போன் போடுவாள். "ஏட்டி, பொம்பளை ஓட்டுத பைக்லயா போறே? விழுந்து கிழுந்து தொலைக்காத" என்று ஒரே புலம்பல். நான் அவளுக்கு அக்காவின் காலைப் பூசை முழுவதையும் விளக்குவேன். "யம்மா, டாக்டர் நாடி புடிச்சுப் பாக்க மாதிரி பாக்காம்மா. அப்பா ஓட்டுன ஜீப்புல ஏறுனதைவிட இதுல எனக்குப் பயமில்லை" என்றேன் ஒருநாள். அம்மா புலம்பலை நிறுத்தினாள். "அப்ப சரி, அவளை விட்டுறாத" என்றாள். விடுவேனா நான்?

ஒருமுறை துணி எடுக்கக் கோவிந்தாபுரம் போக வண்டியைக் கேட்டேன். கொடுத்தாள். மாலையில் திருப்பிக் கொண்டுவந்து விட்டேன். மறுநாள் காலையில் பின் டயரில் ஆணி. குனிந்தபடியே கேட்டாள்.

"நேத்துக் காலைல நான் பாத்தப்ப இது இல்லை. நீ எங்க நிறுத்துனே?"

"துணிக்கடை வாசல்லக்கா."

"அங்கதான்." எழுந்து நின்று, பஞ்சர் ஒட்ட வந்தவரிடமும், டாக்டரிடமும், பெருக்க வந்த அம்மாவிடமும், மூன்று பேரிடமும் தனித்தனியாகச் சொன்னாள். "நேத்து இவ கொண்டுபோயிருந்தா. நான் இல்லை."

பஞ்சர் என்ன கொலைக்குற்றமா? எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. அவளைச் சீண்டக்கூடச் செய்தேன், "ஆமாக்கா, நான்தான் ஆணியைத் தேடித் தேடி ஏத்தினேன்" என்று. அவள் சிரிக்கவில்லை. தன்மேல் ஒரு தூசு விழுந்தாலும் அது எங்கிருந்து வந்தது என்று ஊருக்குச் சொல்லித் தட்டிவிட வேண்டும் அவளுக்கு. நான் அதைச் சுத்தம் என்று எடுத்துக்கொண்டேன், அடி முட்டாளே.

அவளுக்கு அந்த ஊரில் இருந்த மரியாதைக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். அறுவடைக் காலத்தில் அங்கே தார்ச்சாலையில்தான் நெல் காய்கிறது. பாதிச் சாலைக்கு நெல், பாதிச் சாலைக்கு வண்டி. ஓரத்தில் கல் வரிசை. டெம்போக்காரனும் பஸ்காரனும் நெல் மேல் ஏற்றிக்கொண்டு போவான், காயப் போட்டவர்கள் வைவார்கள். அக்கா ஏற்ற மாட்டாள். எதிரே வண்டி வந்தால், நெல் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, காத்திருப்பாள். வழி கிடைக்காவிட்டால் இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவாள். என்னையும் இறங்கச் சொல்வாள்.

"நெல்லு மேல டயர் ஏறக்கூடாது அம்மிணி. ஒண்ணு, அது சோறு. ரெண்டாவது, அது உருளும். உருளற எடத்துல முன்பிரேக்கைப் புடிச்சமோ, அவ்வளவுதான், வண்டி நம்மளைக் கீழ போட்டுட்டுப் போயிரும்."

முதல் காரணத்துக்காகவே அந்த ஊர் அவளைத் தலையில் வைத்து ஆடியது. நெல்லை மிதிக்காத அம்மா என்றே சொல்வார்கள். வேகாத வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவளுக்கு மோரும் இளநீரும் ஓடி வந்து கொடுப்பார்கள். பின்னால் பெட்டியைச் சுமந்து போகும் எனக்கும் ஒரு டம்ளர் கிடைக்கும்.

இந்த நேரத்தில்தான் என் பெயர் அரசாங்க வேலைக்கான ரேங்க் லிஸ்டில் வந்தது. கீழேதான், ஆனால் வந்துவிட்டது. லயத்தில் மூன்று தலைமுறையாகக் கொழுந்து பறித்த குடும்பத்தில் முதல் அரசாங்க வேலை. போலீஸ் வெரிஃபிகேஷன் மட்டும்தான் பாக்கி. பெயரில் ஒரு கேஸ் கிடக்கக் கூடாது, அவ்வளவுதான். படிவத்தை நிரப்பி அக்காவிடம்தான் காட்டினேன். அவள் அதையும் வண்டியைப் போலப் பார்த்தாள். இனிஷியல், பிறந்த தேதி, போட்டோவில் காது தெரிகிறதா என்பது வரை. "செரியா இருக்குது. தைரியமாக் குடு" என்றாள். அம்மா அங்கே எஸ்டேட் கோயிலில் கிடா நேர்ந்துகொண்டாள்.

அப்புறம் அந்தப் பகல்.

இரண்டாம் போக அறுவடை முடிந்த வெயில். பதினொன்றரை இருக்கும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இன்னும் இருபது மாடு பாக்கி. பெட்டியில் ஐஸ் தண்ணீராகிக்கொண்டிருந்தது. டாக்டர் போன் செய்து, மேலதிகாரி வருகிறார், பன்னிரண்டுக்கு இங்கே இருக்க வேண்டும் என்றார். அக்காவுக்கு முகம் மாறிவிட்டது. யாரும் தன்னைத் தேடி, அவள் இல்லை என்று எழுதிவிடக் கூடாதே. ஓட்டியது அவள். அன்றும் காலையில் பத்து நிமிடம் பார்த்தாள், என் ஹெல்மெட் பட்டையை இழுத்துப் பார்த்தாள். இதில் ஒன்றும் குறை வைக்கவில்லை.

வளைவு திரும்பினால் பாதிச் சாலைக்கு நெல். ஒரு அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காலால் நெல்லைக் கிண்டிக்கொண்டிருந்தாள். எதிரே வைக்கோல் லாரி ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு வந்தது. அக்கா நிறுத்துவாள் என்று நான் இறங்கத் தயாராகக் காலைக்கூட எடுத்துவிட்டேன். அவள் நிறுத்தவில்லை. நெல்லுக்குள் திருப்பினாள்.

"அக்கா, நெல்லு!"

"தெரியும். புடிச்சுக்கோ."

அந்த அம்மா எங்கள் வழிக்குள் காலடி மாற்றி வைத்தாள். அக்கா முன்பிரேக்கைப் பிடித்தாள். அவ்வளவுதான். "ஐயோ அக்கா!" என்று நான் கத்தியது எனக்கே கேட்டது. அப்புறம் வானம், நெல், தார். லாரி நிற்காமல் போய்விட்டது.

அந்த அம்மாவுக்குக் கால் எலும்பு முறிந்தது. எனக்குத் தோள்பட்டை எலும்பு. ஹெல்மெட் கல்லில் மோதி விரிசல் விட்டிருந்தது, தலை தப்பித்தது. பட்டையை மாட்டிவிட்டவள் அவள்தானே, அதை இல்லையென்று நான் எப்படிச் சொல்வேன்? அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்.

ஆசுபத்திரியில் இரண்டு நாள் ஊசி மயக்கத்தில் கிடந்தேன். அக்கா காலையும் மாலையும் வந்தாள். வீட்டிலிருந்து கஞ்சி கொண்டு வந்து, என் கையைக் கட்டியிருந்ததால், ஊதி ஊதி அவளே ஊட்டினாள். பக்கத்துப் படுக்கைக்காரி, "கூடப்பிறந்தவளா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன் நான்.

மூன்றாம் நாள் போலீஸ்காரர் வந்து என் லைசன்ஸைக் கேட்டார். எதற்கு என்றேன். வண்டியை ஓட்டியது நீங்கள்தானே என்றார் மலையாளத்தில், சாவகாசமாக. இல்லை சார், அக்காதான் ஓட்டினார்கள் என்றேன். அவர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அவங்க நெல்லு மேலே வண்டி ஏத்த மாட்டாங்களே? ஊரே சொல்லுதே. அவங்களும் மொழி குடுத்தாச்சு, கையெழுத்தும் போட்டாச்சு."

மொழி என்றால் அங்கே வாக்குமூலம். ஊரே சொல்கிறதாம். ஊருக்குச் சொன்னது யார்? வீடு வீடாக, மாடு மாடாக, அக்கா எப்படிப் பார்ப்பாங்க தெரியுமா, அக்கா நெல்லை மிதிக்கவே மாட்டாங்க தெரியுமா என்று மோர் குடித்துக்கொண்டே சொன்னது யார்? நான்தானே! என் வாயாலேயே எனக்கு எதிர்சாட்சி தயார் செய்து வைத்திருக்கிறேன். இரண்டு பேரும் ஹெல்மெட், இரண்டு பேரும் ஆசுபத்திரி கொடுத்த காக்கிக் கோட்டு. விழுந்த பிறகு வந்தவர்களுக்கு யார் முன்னால், யார் பின்னால் என்று என்ன தெரியும்? மலைக்காரப் புள்ளை, அதுதான் கண்ணு மண்ணு தெரியாம ஓட்டியிருக்கும் என்றிருக்கிறார்கள்.

அன்று மாலையும் வந்தாள். கஞ்சி கொண்டு வந்தாள்.

"அக்கா, நீங்கதான ஓட்டுனீங்க?"

டிபன் மூடியைத் திறந்தவள் மறுபடி மூடினாள். "ஆமா" என்றாள், மெதுவாக.

"அப்பறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"நான் சொல்லலை அம்மிணி. கூடுன சனமே சொல்லிப்போட்டாங்க, அந்தப் புள்ளைதான் ஓட்டியிருக்கோணும்னு. போலீஸ்காரரு எழுதிட்டாரு. நான் இல்லைங்கலை. அவ்வளவுதான்."

"கையெழுத்துப் போட்டிருக்கீங்களே. படிச்சுப் பாக்கலையா?"

"பாத்தேன்." மூடியை அழுத்திப் பார்த்துக்கொண்டே, "ரெண்டு தரம் பாத்தேன்" என்றாள்.

அதைக் கேட்டபோதுதான் எனக்கு எல்லாமே தெளிந்தது. டயரை அமுக்கியதும், பட்டையை இழுத்ததும், துப்பட்டாவைக் கட்டச் சொன்னதும் நான் விழக் கூடாது என்பதற்காக இல்லை. விழுந்தால் தன்னைக் கேட்கக் கூடாது என்பதற்காக. இது எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். ஒரு ஆணியே சொன்னதே.

"எனக்கு வெரிஃபிகேஷன் வருதுக்கா. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. உனக்குச் சின்ன வயசு, வேற லிஸ்ட் வரும். என்னைய இந்த ஊர்ல பதிமூணு வருசமாப் பாக்கறாங்க அம்மிணி. நெல்லு மேல ஏத்தி ஒரு பொம்பளை காலை ஒடிச்சவன்னு ஆயிருச்சுன்னா, நான் எந்த வாசல்ல போயி நிப்பேன்?"

அழுதாள். பொய்யழுகை இல்லை, நிஜமாகத்தான் அழுதாள். அதுதான் எனக்கு வயிறெரிந்தது. பாவி, என் கழுத்தை அறுத்துவிட்டு என் கட்டிலிலேயே உட்கார்ந்து அழுகிறாளே! கஞ்சி வேண்டாம், போய்விடுங்கள் என்றேன். போனாள். போகும்போதும் கட்டிலின் தடுப்புக்கம்பி சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

என் பங்குக்கு நானும் மொழி கொடுத்தேன். பார்த்த சாட்சி இருந்தால் கொண்டு வாருங்கள் என்றார்கள். சாட்சி ஒரே ஆள்தான், அந்த நெல்லுக்கார அம்மா. அவள் முதுகைக் காட்டி நின்றவள். ஆனாலும் அடிபட்டுக் கிடந்தபோது பார்த்திருப்பாளே? அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு, தோள் கட்டோடு பஸ் ஏறி, வாய்க்கால் மேட்டில் நடந்து அவள் வீட்டுக்குப் போனேன்.

வாசலில் கயிற்றுக் கட்டிலில், மாவுக்கட்டுக் காலை நீட்டிப் படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறி எழப் பார்த்தாள்.

"வா கண்ணு. கை எப்படி இருக்குது? உக்காரு."

நான் உட்காரவில்லை. சுற்றி வளைக்காமல் கேட்டேன். "யம்மா, அன்னைக்கு வண்டியை ஓட்டுனது நான் இல்லை. உங்களுக்குத் தெரியுமா?"

அவள் கொஞ்சமும் தயங்கவில்லை. "தெரியும் கண்ணு. 'ஐயோ அக்கா'ன்னு பின்னாலயிருந்து கத்துனது நீதான? விழுந்து கெடக்கையில கைப்பிடி அந்தம்மா கையிலதான் இருந்துச்சு. பாத்தேனே."

எனக்கு அப்படியே அவள் காலில் விழலாம் போல இருந்தது. அழுகை வந்துவிட்டது. "இதை ஒரு தடவை போலீஸ்ல சொல்லுங்கம்மா. இந்தக் கேஸ் என் பேர்ல இருந்தா எனக்கு வேலை போயிரும். வேற ஒண்ணும் வேண்டாம். பாத்ததை மட்டும் சொல்லுங்க."

அவள் தன் காலைப் பார்த்தாள். தொழுவத்தில் கட்டியிருந்த இரண்டு பசுக்களைப் பார்த்தாள்.

"அது எப்படிக் கண்ணு? இந்த மாட்டுக்குக் கன்னு பொரண்டுக்கிட்டப்ப, டாக்டர் வரலை, அந்தம்மாதான் கைவுட்டு எடுத்தாங்க. நாளைக்கும் அவங்கதான் வரோணும். நீ இன்னைக்கு இருப்பே, நாளைக்கு உங்க மலைக்குப் போயிருவே." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நெல்லை மிதிக்காத மகராசி. ஒரு நாள் கால் தவறிருச்சு. அதைப் போயி ஊருக்குச் சொல்றதா?"

எவ்வளவோ சொன்னேன். அம்மாவைப் பற்றி, லயத்தைப் பற்றி, லிஸ்டைப் பற்றி. எல்லாவற்றுக்கும் "பாவந்தான் கண்ணு" என்றாள். மனதாரத்தான் சொன்னாள். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எழுந்து கிளம்பினேன்.

"வந்ததே வந்தே, அந்தக் கன்னை ஒரு எட்டு பாத்துட்டுப் போயிரு. ரெண்டு நாளாக் கழியுது."

பார்க்காமல் வந்திருக்க வேண்டும். என் கால் தொழுவத்துக்குத்தான் போனது. ஒற்றைக் கையால் வாலைத் தூக்கிப் பார்த்தேன், மூக்கைத் தொட்டேன், வயிற்றை அமுக்கினேன். காய்ச்சல் இல்லை, குடித்த பால்தான் கூடிப்போயிருந்தது. "இன்னைக்கு ஒரு வேளை பால் குறைச்சு விடுங்க, சரியாயிரும்" என்றேன்.

"செரி கண்ணு" என்றாள். "எதுக்கும் சாயந்தரம் அந்தம்மா வருவாங்க. அவங்ககிட்டவும் ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."